பள்ளிச் சேர்க்கைப் பகுதியை ஜிஐஎஸ்ஸில் வரையறுத்தல்: புராஜெக்ட் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

எந்தக் குடியிருப்புக் குழந்தைகள் எந்தப் பள்ளிக்கு என்று ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு; இங்கே கியூஜிஐஎஸ் மென்பொருள்) கொண்டு பிரிப்பதுதான் இந்தத் தலைப்பு. இதை எடுப்பவர்களில் பலர் பள்ளியைச் சுற்றி 1 கி.மீ. பஃபர், அதாவது வட்டம், போட்டதோடு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் 1 முதல் 5 வகுப்புக்கு 1 கி.மீ., 6 முதல் 8 வகுப்புக்கு 3 கி.மீ. என்று சொல்வது நடந்து செல்லும் தூரத்தை. ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையோரப் பள்ளிக்கு வட்டம் போட்டால் அது ஆற்றைத் தாண்டித் தென்கரை வீடுகளையும் விழுங்கிவிடும். குழந்தையோ பாலம் வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும்.

முதலில் ப்ரொஜெக்‌ஷன். உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக்கி மீட்டரில் அளக்க வைக்கும் முறை அது. ஜிபிஎஸ் புள்ளிகள் டிகிரியில் இருக்கும். அதில் 1000 என்று கொடுத்தால் மீட்டர் ஆகாது. திருச்சி, மதுரை, சென்னைக்கு மீட்டரில் அளக்கும் முறையின் குறியீட்டு எண் ஈபிஎஸ்ஜி 32644; கோவை 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் 32643. லேயரின் சிஆர்எஸ் (ஆயத்தொலைவு முறை) பெயரை மட்டும் மாற்றினால் ஆயத்தொலைவுகள் மாறாது. 'ரீப்ரொஜெக்ட் லேயர்' கொடுத்துப் புதிய கோப்பாகச் சேமியுங்கள்.

சாலைகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்திலிருந்து குவிக்ஓஎஸ்எம் செருகுநிரல் மூலம் எடுக்கலாம். நடைபாதை, சந்து எல்லாம் வேண்டும். ஒருவழிப் பாதை நடப்பவருக்குப் பொருந்தாது என்பதால் திசையை இருபுறமும் என்றே விடுங்கள். ஊராட்சி ஒன்றிய எல்லையோடு சாலைகளை வெட்டிவிட்டால் ஓரத்துப் பள்ளிகளின் தூரம் தவறாக வரும். வெளியே 3 கி.மீ. கூடுதலாக எடுங்கள். நீங்களே வரைந்த சாலைகளில் சந்திப்புகளில் நோட் (கோடுகள் இணையும் புள்ளி) இருக்கிறதா என்று பாருங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டினாலும் நோட் இல்லையென்றால் கியூஜிஐஎஸ்ஸுக்கு அங்கே வழியே கிடையாது.

பள்ளிப் புள்ளியை வளாகத்தின் நடுவில் வைக்காமல் வாசற்கதவில் வையுங்கள். நடுவில் வைத்தால் கதவே இல்லாத பின்தெருவோடு அது ஒட்டிக்கொள்ளக்கூடும். குடியிருப்புக்கும் இதே கவனம் வேண்டும்: வருவாய்க் கிராமத்தின் மையப்புள்ளி வயலில் விழலாம், ஆகவே வீடுகள் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் தனிப் புள்ளி வையுங்கள்.

'சர்வீஸ் ஏரியா' கருவி தருவது, குறிப்பிட்ட தூரத்துக்குள் எட்டக்கூடிய சாலைக் கோடுகளை. படத்துக்கு அது நன்றாக இருக்கும். எந்தக் குடியிருப்பு எந்தப் பள்ளிக்கு என்று முடிவு செய்யக் கியூநீட்3 செருகுநிரலின் ஓடி மேட்ரிக்ஸ், அதாவது ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள தூரப் பட்டியல்தான் சரி. ஒவ்வொரு குடியிருப்புக்கும் மொத்தச் செலவு (இங்கே நடைத் தூரம்) குறைந்த பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை அத்தோடு முடியாது. அருகிலுள்ள பள்ளியில் இடம் இருக்கிறதா? தொடக்க வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள் என்பது சட்டத்தின் அட்டவணை. இரண்டு ஆசிரியர் உள்ள ஒரு பள்ளிக்கு 90 பேர் ஒதுக்கப்பட்டால், இரண்டாவது பள்ளியும் 1 கி.மீ.க்குள் இருக்கும் குடியிருப்புகளைத் தேடி, கூடுதல் நடை மிகக் குறைவாக வருவதை முதலில் மாற்றுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதிகம் கேள்வி வரும் பகுதி இது. எந்தக் குடியிருப்பை ஏன் மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

கடைசியாக, சாலைத் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்து, அட்டவணையில் அதற்கு ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். 1-க்குக் கீழே வந்தால் கணக்கில் பிழை: பெரும்பாலும் ப்ரொஜெக்‌ஷன், அல்லது வீட்டிலிருந்து சாலை வரையிலான தூரம் விடுபட்டிருக்கும். 3-க்கு மேல் போனால் அங்கே ஆறோ ரயில் பாதையோ குறுக்கே இருக்கும். இல்லையென்றால் வரைபடத்தில் ஒரு சந்து விட்டுப்போயிருக்கும். எது என்பதை அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்த பிறகே அறிக்கையில் எழுதுங்கள்.