ரப்பர் பேண்டு போட்ட மாவுப் பை

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் முருகேஷ்பாளையா வீட்டுக்கு வந்திருந்தான். வேலையை விடப் போகிறானாம். பெங்களூரில் போர்வெல் தண்ணீர் ஓடும் வீடுகளில் சோலார் ஹீட்டர் குழாய்க்குள் உப்பு படிந்துகொண்டே வரும். கடைசியில் தண்ணீர் சூடாகவே செய்யாது. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு அதைச் சுத்தம் செய்து தருவதுதான் அவன் திட்டம்.

"அத்தை, இதை இப்படி மாசச் சந்தாவுக்கு யாருமே செய்யலை. நாமதான் முதல். முதல்ல இறங்கிட்டா அப்புறம் யார் வந்தாலும் நம்மளைத் தாண்ட முடியாது."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவில் இட்லி மாவு விற்ற முதல் ஆள் அவர்தான்.

1996. அப்பா வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அம்மா தன் வளையல் இரண்டை அடகு வைத்து, கோயம்புத்தூரில் செய்த பெரிய கிரைண்டர் ஒன்றை வாங்கி முன்னறையில் போட்டார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு கிலோ மாவைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போடுவது என் வேலை.

முதல் மாதம் யாரும் வாங்கவில்லை. மாவைப் போய்க் காசு கொடுத்து வாங்குவார்களா என்று கேட்டார்கள். என்ன தண்ணீரில் அரைத்தார்களோ, எந்த அரிசியோ என்ற சந்தேகம் வேறு. அம்மா இட்லி வேகவைத்து வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்தார். வாசல் கதவைத் திறந்து வைத்து, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி அரைத்தார். மார்கழிக் குளிரில் மாவு பொங்காது, அடுத்த நாள் காலையில் சண்டைக்கு வருவார்கள். பொங்காத மாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு கொடுத்தார். ராத்திரியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், உப்பைக் கையால் கலக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஒன்றரை வருடம் இப்படியே போனது. அதற்குப் பிறகுதான் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் சாயங்காலம் திரும்பும்போது நின்று வாங்க ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு நூறு பை போனது. அந்த வருடம் வளையல்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தன.

1999-இல் எதிர்வரிசையில் ஒருவர் மாவுக் கடை போட்டார். அவர் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடையில் வாங்கிய மாவிலும் இட்லி நன்றாக வரும் என்று தெரு ஏற்கெனவே நம்பியிருந்தது. எத்தனை கிலோ போகும், எந்த நேரத்தில் கூட்டம் வரும் என்பதையெல்லாம் எங்கள் வாசலைப் பார்த்தே தெரிந்துகொண்டார். இரண்டு கிரைண்டர், ஒரு ஃபிரிட்ஜ், கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவு. ஆறு மாதத்தில் எங்கள் வியாபாரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்த நாட்களில் அம்மா மீந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

ஆனால் முழுவதும் போகவில்லை. நாற்பது வீடு தங்கியது, 2014-இல் முழங்கால் வலியால் அம்மா நிறுத்தும்வரை. மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் நோட்டு ஒன்று வைத்திருந்தார். எந்த வீட்டுக்கு வெந்தயம் ஆகாது, எந்த வீட்டில் தோசைக்கு நைசாக வேண்டும், யார் வீட்டில் மாமனாருக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எதிர்க்கடைக்காரரால் விலையைக் குறைக்க முடிந்தது. அந்த நோட்டில் இருந்தது மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

2009-இல் மாலைநேர எம்.பி.ஏ. படித்தபோது பீட்டர் கோல்டர், ஜெரார்ட் டெல்லிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-இல் எழுதிய கட்டுரையை வகுப்பில் கொடுத்தார்கள். ஐம்பது வகைப் பொருட்களை எடுத்துக்கொண்டு, பழைய பத்திரிகைகளையும் அந்தக் காலத்துப் பதிவுகளையும் தோண்டி, உண்மையில் யார் முதலில் வந்தது என்று தேடியிருந்தார்கள். முதலில் இறங்கியவர்களில் 47 சதவீதம் பேர் தோற்றுப்போயிருந்தார்கள். முதலில் இறங்கியவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரிச் சந்தைப் பங்கு 10 சதவீதம்தான். சந்தை வளர ஆரம்பித்த நேரத்தில் முன்னணியைப் பிடித்தவர்கள், முதல் ஆளுக்குச் சராசரியாக 13 வருடம் கழித்து வந்தவர்கள்.

அதற்கு முந்தைய ஆய்வுகள் பலவும், முதலில் வருகிறவர்களுக்குத்தான் பெரிய பங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஏன் அப்படி வந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. அந்த ஆய்வுகள் உயிரோடு இருக்கும் நிறுவனங்களைத்தான் கேட்டன. மூடிப்போனவர்களைக் கேட்க வழியில்லை. ஜெயித்து நிற்கிறவர் தன்னையே முதல் ஆள் என்று சொல்லிவிடுகிறார். அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்து நான் எங்கள் தெருவைத்தான் நினைத்தேன். இன்று புதிதாகக் குடிவந்தவர்களைக் கேளுங்கள், இங்கே மாவுக் கடை என்றால் முதலில் வந்தது அந்த எதிர்க்கடைதான் என்பார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து திப்பசந்திரா ரொம்பத் தூரமில்லை. 2005-இல் வயநாட்டுக்காரரான முஸ்தபாவும் அவருடைய சகோதரர் முறையில் உள்ளவர்களும் ஐடி ஃப்ரெஷ் என்ற மாவு நிறுவனத்தை அங்கேதான் தொடங்கினார்கள். அந்த யோசனை எப்படி வந்தது என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கடையில் பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்டு போட்டு மாவு விற்பதைச் சகோதரர் ஒருவர் பார்த்திருக்கிறார். அதைச் சுத்தமாக, நன்றாகப் பொட்டலம் கட்டி விற்கலாமே என்று தோன்றியிருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. அவர்கள் பார்த்தது எங்கள் பை இல்லை. ஆனால் இந்த ஊரில் எத்தனையோ அம்மாக்கள் அப்படிப் பை கட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. அம்மாவுக்கு இதில் வருத்தம் எதுவும் கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, தேதியைப் பார்த்து, "நல்லா ஒட்டியிருக்காங்க" என்பார்.

இந்த ஊர் இதையே பெரிய அளவிலும் பார்த்திருக்கிறது. 1999-இல் வைத்தீஸ்வரனும் நண்பர்களும் இங்கே ஃபேப்மார்ட் என்ற இணையக் கடையைத் திறந்தபோது பெரும்பாலான வீடுகளில் இணையமே இல்லை. அது பின்னால் இந்தியாபிளாசா என்று பெயர் மாறி 2013-இல் மூடப்பட்டது. கோரமங்களாவில் ஒரு ஃப்ளாட்டில் ஃப்ளிப்கார்ட் தொடங்கியது 2007-இல். 2018-இல் அதன் 77 சதவீதப் பங்கை வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது. ரேவா மின்சாரக் காரும் அப்படித்தான். 2001-இல் இங்கிருந்து வந்தது. ஈய பேட்டரி, ஒரு சார்ஜுக்கு எண்பது கிலோமீட்டர் போல ஓடும். 2010-இல் மஹிந்திரா கைக்குப் போனது. லித்தியம் பேட்டரி விலை இறங்கியதெல்லாம் அதற்கப்புறம். ரேவாவை உருவாக்கிய சேதன் மைனியின் கணிப்பு தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ரோடும் பேட்டரியும் வாங்குகிறவர் மனசும் அப்போது தயாராக இல்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் முதலில் வருவதில் ஒன்றுமே இல்லையா என்று அண்ணன் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. முந்தியவருக்குப் பலன் நிற்கும் இடங்களும் இருக்கின்றன. 1997-இல் முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் இருந்துகொண்டு தமிழர்களுக்காக ஒரு இணையதளம் ஆரம்பித்தார். அதில் ஒரு மூலையில் இருந்த வரன் பகுதிதான் வளர்ந்து பாரத் மேட்ரிமோனி ஆனது. பெண் வீட்டார் நிறையப் பேர் இருக்கும் இடத்துக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், அவர்கள் வர வர இவர்களும் கூடுவார்கள். பத்து வருடம் கழித்து அதைவிட அழகாக ஒரு தளம் கட்டினாலும் அதில் ஜாதகம் இருக்காது. அங்கே ஒவ்வொரு வாடிக்கையாளரும் அடுத்த வாடிக்கையாளருக்குக் காரணமாகிறார். மாவில் அது நடக்காது. என் பக்கத்து வீட்டுக்காரர் எங்களிடம் வாங்குவதால் என் இட்லி மெத்தென்று ஆகிவிடாது.

ஹீட்டர் சுத்தம் செய்வது இதில் எந்தப் பக்கம் என்று அவனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். மாவுப் பக்கம்தான் என்றான்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். "நோட்டு வச்சிருக்கியா?"

"என்ன நோட்டு ஆயா?"

எந்த வீட்டில் எந்தத் தண்ணீர், காவிரியா போர்வெல்லா, போன தடவை எத்தனை உப்பு இறங்கியது, குழாயை மாற்றிய வருடம் எது, மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கும் என்று அம்மா வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். அவன் போனை எடுத்துக் குறித்துக்கொண்டான். பிறகு எங்கள் வீட்டு ஹீட்டரைப் பார்க்கலாமா என்று கேட்டு, ஸ்பேனரோடு மாடிக்குப் போனான். அரை மணி நேரத்தில் சட்டையெல்லாம் வெள்ளைத் தூளாக இறங்கி வந்தான். எட்டு வருடமாக நாங்கள் அதைத் திறந்ததே இல்லை. ஒரு குழாயிலிருந்து தட்டியெடுத்த உப்பை எவர்சில்வர் தட்டில் கொட்டினான். அம்மா அதைக் கையில் அள்ளி எடை பார்த்துவிட்டு, முக்கால் கிலோ இருக்கும் என்றார்.