உயரம் குறைந்த ஃபார்வர்டைப் பற்றி ஸ்கவுட்டிங் அறிக்கை: படிக்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து

கனடாவில் ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் படிக்கிற தம்பி தங்கைகள் சிலர் ஸ்கவுட்டிங், அதாவது அணிக்கு ஏற்ற ஆட்டக்காரர்களைத் தேடி மதிப்பிடும் பாடத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நான் படித்தபோது அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணில் பெரும்பங்கு ஒரே ஓர் அறிக்கைக்குத்தான். ஜூனியர் லீகில் ஆடும் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, அவர் தொழில்முறை ஆட்டத்தில் நிலைப்பாரா என்று எழுத வேண்டும். பிறகு வாய்மொழித் தேர்வு. பேராசிரியரும், வெளியிலிருந்து வரும் ஒரு ஸ்கவுட்டும் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள்.

நான் எடுத்துக்கொண்டது ஒன்டாரியோ ஹாக்கி லீகில் ஆடிய ஒரு விங்கரை, அதாவது ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டை (தாக்குதல் ஆட்டக்காரரை). உயரம் குறைவு, டிராஃப்ட் (தொழில்முறை அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு) பட்டியல்கள் எதிலும் மேலே பெயர் வராது. சின்னப் பையன் என்பதால் பெயரையும் அணியையும் சொல்லப் போவதில்லை. வகுப்பில் பெரும்பாலானவர்கள் முதல் சுற்றிலேயே போகப்போகிற ஆறடிக்காரர்களை எடுத்தார்கள். அவர்களைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் எழுதித் தள்ளியிருப்பார்கள். நீங்கள் எதை எழுதினாலும் எங்கோ படித்ததன் சாயல் வந்துவிடும். யாரும் கண்டுகொள்ளாத பையனை எடுத்தால் நீங்களே பார்த்து, நீங்களே யோசித்து எழுதியாக வேண்டும். இந்தப் பாடத்திற்கு அதுதான் வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன்.

உயரத்தை அளக்க ஒரு நாடா போதும். அறிக்கை பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பையன் இப்போது செய்கிறவற்றில் எது, எதிரில் நிற்பவர்கள் இன்னும் பெரியவர்களாகவும் வேகமானவர்களாகவும் ஆன பிறகும் செல்லுபடியாகும்? ஒவ்வொரு பத்தியையும் எழுதி முடித்ததும் இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள். அதற்கு உதவாத வரிகளைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

முதல் வேலை பிறந்த தேதியைப் பார்ப்பது. வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகான என்ஹெச்எல்லின் டிராஃப்ட்டில் 7 சுற்றுகள், 32 அணிகள். செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைகிறவர்கள் அந்த ஆண்டு டிராஃப்ட்டுக்குத் தகுதி பெறுவார்கள். செப்டம்பர் 16-இல் பிறந்தவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். ஆக, ஒரே டிராஃப்ட்டில் முதல்முறையாக நிற்கும் இருவருக்குள் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்கலாம். பதினேழு வயதில் ஒரு வருடம் என்பது லேசுப்பட்டதில்லை. தோள் அகலும், தொடையில் பலம் ஏறும். இதே கதை சிறு வயதிலிருந்தே நடக்கிறது. கனடாவின் சிறுவர் ஹாக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துத்தான். ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகள் சற்றே பெரியவர்களாக இருப்பதால் நல்ல அணிகளுக்கு எளிதில் எடுக்கப்படுகிறார்கள், நல்ல பயிற்சியும் அவர்களுக்கே போகிறது. ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1985-லேயே இதை எண்களோடு காட்டிவிட்டார்கள். அதனால் ஆண்டுக் கடைசியில் பிறந்த, குள்ளமான ஒரு பையன் ஜூனியர் லீக் வரை வந்து சேர்ந்திருக்கிறான் என்றால், அவனிடம் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று தேடுவதில்தான் உங்கள் நேரம் போக வேண்டும்.

அப்புறம் எண்கள். இங்கே அலெக்ஸ் டெப்ரின்கட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 5 அடி 7 அங்குலம். 2014-15-இல் ஈரி ஆட்டர்ஸ் அணிக்காக, ஒன்டாரியோ லீகில் தன் முதல் சீசனிலேயே 51 கோல் அடித்தார். ஆனால் அதே அணியில் கானர் மெக்டேவிட் இருந்தார். மெக்டேவிட்டோடு ஆடினால் யார்தான் அடிக்க மாட்டார்கள் என்று பேச்சு வருவது இயல்புதானே. 2015-இல் மெக்டேவிட் என்ஹெச்எல்லின் எட்மன்டன் அணிக்குப் போய்விட்டார். அடுத்த சீசனிலும் டெப்ரின்கட் அதே 51 கோலை அடித்தார், அதுவும் முந்தைய சீசனைவிட எட்டு ஆட்டங்கள் குறைவாக ஆடி. அப்படியும் 2016 டிராஃப்ட்டில் 38 பேர் போன பிறகுதான் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அவரை எடுத்தது. என்ஹெச்எல்லில் முதல் சீசனில் 28 கோல், இரண்டாவது சீசனில் 41.

இதைச் சொன்னதும் வாய்மொழித் தேர்வில் ஒரு மடக்குக் கேள்வி வரும்: மெக்டேவிட் போனாலும் டிலன் ஸ்ட்ரோம் அங்கேயே இருந்தாரே? நியாயமான கேள்வி. 2015 டிராஃப்ட்டில் மூன்றாவதாகப் போனவர் ஸ்ட்ரோம். அதனால் கூட்டாளி மாறினார் என்பது பாதி ஆதாரம்தான். மீதியை வீடியோவில் தேட வேண்டும். கோல் எங்கிருந்து வந்தது, பவர் ப்ளேயிலா (எதிரணி தண்டனையால் ஆள் குறைந்து ஆடும் நேரம்), ஐவருக்கு ஐவர் ஆடும்போதா, பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) கைக்கு வந்ததிலிருந்து ஷாட் கிளம்புவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஜூனியரில் நிறையப் புள்ளிகள் (கோலும் அசிஸ்ட்டும் சேர்ந்து) எடுக்கும் குள்ளமான ஆட்டக்காரர்கள் பலருக்கு அதில் பெரும்பகுதி பவர் ப்ளேயில் வரும். அங்கே இடம் தாராளம், உடல் மோதல் குறைவு. அசிஸ்ட்டிலும் கடைசி பாஸ் கொடுத்தவரையும் அதற்கு முந்தைய பாஸ் கொடுத்தவரையும் பிரித்து எழுதுங்கள். இவ்வளவையும் ஓர் அட்டவணையில் போட்டுவிட்டாலே கேள்விகள் பாதி குறைந்துவிடும்.

ரிங்கில் உட்காரும் இடமும் முக்கியம். ஸ்கவுட்டுகள் பெரும்பாலும் மூலைப் பக்கம், மேல் வரிசையில் உட்காருவார்கள். பக் இல்லாத நேரத்தில் ஆள் எங்கே நிற்கிறான், எங்கே நகர்கிறான் என்பது அங்கிருந்துதான் தெரியும். வார்ம்-அப் தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். ஆட்டம் தொடங்கியதும் பக்கின் பின்னால் கண் ஓடும். அதைத் தடுத்து உங்கள் ஆட்டக்காரர் ஒருவரையே பாருங்கள். ஒரு ஷிஃப்ட், அதாவது ஆட்டக்காரர் ஒரு தடவை களத்தில் இருக்கும் நேரம், சுமார் 45 வினாடி. அது முடிந்ததும் இரண்டு வரி எழுதுங்கள், பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கும் நேரம் அதற்குப் போதும். பென்சில் கொண்டு போவது நல்லது, குளிரில் பேனா அடம்பிடிக்கும்.

என் அறிக்கையைத் தாங்கி நின்றது ஒரு ஷிஃப்ட். எதிரணியின் மூலையில் பக் உருண்டுகொண்டிருந்தது. பையன் அதைத் துரத்துகிறான், பின்னால் அவனைவிட ஒரு தலை உயரமான டிஃபென்ஸ்மேன். பக்கை அடைவதற்கு முன் பையன் தோளுக்கு மேல் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். இரண்டாவது முறை பார்த்தபோது மோதல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பைக் கொஞ்சம் உள்ளே திருப்பி, ரிங்கின் சுற்றுச்சுவரான போர்டிலிருந்து அரையடி தள்ளி நின்றான். டிஃபென்ஸ்மேனின் பலம் முழுவதும் கண்ணாடியில் போய் விழுந்தது. பக் பையனின் ஸ்டிக்கிலேயே இருந்தது, அடுத்த நொடி கோலுக்கு நேர் எதிரிலிருக்கும் ஸ்லாட்டுக்குப் பாஸ் போய்விட்டது. அந்த ஷிஃப்ட்டில் கோல் விழவில்லை, புள்ளிப்பட்டியலில் ஒரு தடயமும் இல்லை. ஆனால் எதிரி எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் செல்லுபடியாகிற திறமை அது. அதே செயல் மற்ற ஆட்டங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று வீடியோவில் தேடி, வந்த இடங்களை நிமிடம் வினாடியோடு குறித்தேன். வராத இடங்களையும் குறித்தேன். இரண்டாவது மாதத்துக்கு மேல், பின்தங்கிய ஆட்டங்களில், மூன்றாவது பீரியடில் அவன் மூலைக்குப் போவது குறைந்திருந்தது. அதை மறைக்காமல் எழுதியதால்தான் மற்றதை அவர்கள் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

ஜெயித்தவர்களின் கதையை மட்டும் வைத்து அறிக்கை எழுதாதீர்கள். மார்ட்டின் செயின்ட் லூயி 5 அடி 8 அங்குலம், டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை, 2004-இல் என்ஹெச்எல்லின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் டிராஃபியும், சாம்பியன் அணிக்கான ஸ்டான்லி கோப்பையும் வென்றார். உண்மைதான், மனசுக்கு இதமான கதை. ஆனால் கோரி லாக் என்ற பெயரையும் தேடிப் பாருங்கள். அவரும் உயரம் குறைந்தவர், அதே ஒன்டாரியோ லீக். 2002-03-இல் ஒட்டாவா 67'ஸ் அணிக்காக 151 புள்ளிகள், கனடா ஜூனியர் லீக்குகள் மூன்றுக்கும் சேர்த்து அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். என்ஹெச்எல்லில் ஆடியது 9 ஆட்டங்கள்தான். அதற்கு அடுத்த படியான அமெரிக்கன் ஹாக்கி லீகில் 2010-11-இன் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் அவர். அது மரியாதைக்குரிய ஒரு வாழ்க்கை. உங்கள் அறிக்கையில் "தொழில்முறை ஆட்டக்காரர் ஆவார்" என்று எழுதினால் இந்த இரண்டு லீகில் எதைச் சொல்கிறீர்கள் என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். என்ஹெச்எல்லின் 2004-05 சீசன் முழுவதும், உரிமையாளர்கள் ஆட்டத்தை நிறுத்திவைத்த லாக்அவுட்டில் போனது. ஆட்டம் மறுபடி தொடங்கியபோது ஸ்டிக்கால் கொக்கி போடுவது, பிடித்து இழுப்பது போன்றவற்றுக்கு நடுவர்கள் கடுமையாகத் தண்டனை கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டு கோடுகளைத் தாண்டும் பாஸுக்கு இருந்த தடையும் போனது. வேகமும் புத்தியும் உள்ள சின்ன ஆட்டக்காரருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 2000-க்கு முந்தைய ஒருவரையும் இன்றைய பையனையும் நேராக ஒப்பிட்டால் வெளியிலிருந்து வரும் ஸ்கவுட் அங்கேயே நிறுத்திவிடுவார்.

எது மாறும், எது மாறாது என்பதற்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்குங்கள். மாறக்கூடியதில் முதலிடம் ஸ்கேட்டிங்குக்கு. பிரேடன் பாயின்ட்டை 2014-இல் டாம்பா பே 79-ஆவதாக எடுத்தது. அவரது உயரத்தோடு ஸ்கேட்டிங்கும் அப்போது கேள்விக்குள்ளாகியிருந்தது. 1984-இல் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜோடிப் பிரிவு உலகச் சாம்பியனான பார்ப் அண்டர்ஹில் அந்த அணிக்கு ஸ்கேட்டிங் ஆலோசகராக இருந்தார். பாயின்ட் அவரிடம் உழைத்துத் தன் ஸ்ட்ரைடை (ஸ்கேட்டில் உந்தி நகரும் முறையை) மாற்றிக்கொண்டார். 2022-23-இல் 51 கோல் அடித்தார். உங்கள் ஆட்டக்காரரின் ஸ்கேட்டிங் மோசம் என்று மட்டும் எழுதினால் போதாது. முழங்கால் மடிவது போதவில்லையா, முதல் மூன்று அடிகளில் வேகம் வரவில்லையா, திரும்பும்போது வேகம் செத்துப்போகிறதா என்று இடம் சுட்டி எழுதுங்கள். முழங்கால் மடிப்பு போன்ற முதல் வகைக் குறையைப் பயிற்சியாளர் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம் என்று சொல்லும் துணிவு அப்போதுதான் வரும்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் நேரடியாகக் கேட்டார்கள்: "சரி, எந்தச் சுற்றில் எடுப்பீர்கள்?" இதற்கு மழுப்பக் கூடாது. ஐந்தாவது சுற்று, நான்காவதில் எடுத்தாலும் வருத்தப்பட மாட்டேன் என்றேன். அணியின் மூன்றாவது ஃபார்வர்டு வரிசையில் ஆடி பவர் ப்ளேயின் இரண்டாவது யூனிட்டில் பயன்படுவான், அதற்கு அமெரிக்கன் லீகில் குறைந்தது இரண்டு சீசன் ஆகும், முதல் மூன்று அடிகளின் வேகம் கூடாவிட்டால் அந்த லீகிலேயே நின்றுவிடுவான் என்றும் சொன்னேன். அடுத்து அந்த ஸ்கவுட் கேட்டது, உங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள எதைப் பார்க்க வேண்டும் என்று. இந்தக் கேள்விக்கான பதிலை அறிக்கையின் கடைசிப் பத்தியாகவே எழுதிக்கொண்டு போங்கள், கேட்டதும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.