பெரியவர்களுக்குக் கதை சொல்லிப் பழகுகிறேன்: வாலி வரை வந்தாயிற்று

எனக்குப் பள்ளிக்கூடம் தோல்பாவைக்கூத்துதான், தோல் பாவைகளின் நிழலைத் திரையில் காட்டிக் கதை சொல்லும் கூத்து. பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களில் ஜனவரி தொடங்கி மே வரை நடக்கும். பாட்டு கம்பனுடையது, விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்து வரும். 7, 14, 21 என்று இரவுக் கணக்கு கோயிலுக்குக் கோயில் மாறும். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டதால் ராம ராவண யுத்தத்தைக் காளி பார்க்கவில்லை, அவளுக்காகத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். அதனால் எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நடத்தும் புலவர் நிறுத்தமாட்டார்.

பாவை அசையாமல் நிற்க, ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சந்தேகம் கிளப்புவார், இன்னொருவர் பதில் சொல்வார். சிறுவயதில் அந்த இடத்தில்தான் தூங்கிப்போவேன். இப்போது போவதே அதற்காகத்தான்.

பாவை ஆட்டுவதில் நான் கை வைக்கவில்லை, அது ஆயுள் உழைப்பு. பாட்டும் பேச்சும் மட்டும். கொழிஞ்சாம்பாறையில் தோப்பு வேலை முடிந்து வருபவர்கள் சிலர் சாயங்காலம் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

இந்த வருடம் வாலி வதை. முதலில் பாட்டைப் பாடிவிட்டுப் பொருள் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். இப்போது கதையை முன்னால் வைக்கிறேன். நெஞ்சில் பாய்ந்த அம்பை வாலி கையாலும் வாலாலும் காலாலும் பற்றி இழுக்கிறான். அதில் ஒரு பெயர் பொறித்திருக்கிறது. யார் பெயர் என்று சொல்லாமல் அங்கே நிறுத்தி, ‘மும்மைசால் உலகுக்கெல்லாம்’ எடுக்கிறேன். அந்தப் பாட்டில் ‘கண்டான்’ என்ற சொல் கடைசியில்தான் வரும். பெயர் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் காத்திருக்கிறார்கள்!

அப்புறம் வழக்கு. மறைந்து நின்று அடித்தது நியாயமா?

“ஏனுங்க, தம்பி பொண்டாட்டிய வெச்சுக்கிட்டவனுக்கு நேர்ல வந்து என்ன மரியாதை?” என்றார் ஒரு அம்மா. பெரியவர் ஒருவர் விடவில்லை: “அப்ப தாரை என்னம்மா பாவம் பண்ணுனா?”

அந்தக் கேள்வியால் அடுத்தது வாலியின் மனைவி தாரை என்று முடிவாயிற்று. வால்மீகியில் அவள் பிறகு சுக்கிரீவனோடு இருக்கிறாள். கம்பனில் கைம்பெண் கோலத்தில் இலக்குவன் முன் வந்து நிற்கிறாள். கோபமாக வந்தவனுக்குத் தன் தாய்மாரின் நினைவு வருகிறது. பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. வாலிக்குப் பழகிய உரத்த குரல் இதற்கு ஒத்துவரவில்லை. சுருதியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.