மண்புழு டப்பாவோடு ஒரு ஏரிப் பயணம்

கனடாவின் கால்கரி நகருக்குக் குடிவந்த இரண்டாவது ஜூலையில்தான் முதன்முதலாக டென்ட் போட்டுத் தங்கப் போனோம். பான்ஃப் தேசியப் பூங்காவில், மின்னவாங்கா ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் டூ ஜாக் ஏரிக்கரை முகாம். ஆல்பர்ட்டா மாகாண மீன்பிடி லைசென்ஸை ஆன்லைனில் எடுத்து அச்சடித்தும் வைத்திருந்தேன். மகன் தன் பங்குக்குத் தோட்டத்தைத் தோண்டி ஒரு டப்பா மண்புழு சேர்த்திருந்தான்.

இரண்டுமே செல்லாது. பூங்காவுக்குள் மீன்பிடிக்கப் பூங்காவின் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். புழு போன்ற இயற்கை இரை கூடாது. தூண்டிலில் எடைக்குக் கட்டும் ஈயக்குண்டு 50 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அதுவும் கூடாது. நீர்ப்பறவைகள் விழுங்கிச் செத்துப்போகும். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: சீட்டு வைத்திருக்கும் பெரியவர் கூட இருந்தால் போதும், பிடிக்கும் மீன் அவர் கணக்கில் சேரும். சரி, என் பெயரில் ஒரு சீட்டு வாங்கினேன்.

ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருந்தது. அதன்பிறகு கரடிக்குப் பயந்து ஒரு வேலை. சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு, மனைவியின் முகக்கிரீம் என்று வாசனை வரும் எதுவும் டென்டுக்குள் இருக்கக்கூடாது. எல்லாம் காருக்குள் போனது. ஜூலைதானே என்று மெல்லிய போர்வை கொண்டுபோன என் புத்திசாலித்தனத்தைப் பற்றி மனைவி இன்னும் பேசுகிறாள்.

மறுநாள் மின்னவாங்கா கரையில் நின்றோம். 1941-இல் கட்டிய அணையால் நீர்மட்டம் சுமார் 30 மீட்டர் உயர்ந்து, கரையிலிருந்த சிற்றூர் ஒன்று அடியில் போய்விட்டது. ஐஸ் மாதிரி குளிரும் அந்தத் தண்ணீருக்குள் முக்குளித்து அதைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்களாம். அதை மகனிடம் சொல்லியிருக்கக் கூடாது. தூண்டில் இழுபடும்போதெல்லாம் "அப்பா, ஏதாவது வீட்டுக் கூரையா?" என்றான்.

மூன்றாவது மணி நேரத்தில் நிஜமாகவே ஒரு மீன். முதுகுத் துடுப்பில் கறுப்புப் புள்ளி இல்லை என்றால் அது புல் டிரவுட் (bull trout) என்கிற பாதுகாக்கப்பட்ட மீன், உடனே விட்டுவிட வேண்டும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றினேன். ஒரே துள்ளல், காணோம். மகன் அழவில்லை. "நம்ம கணக்கில் ஒன்று என்று எழுதிக்கலாமா?" என்று மட்டும் கேட்டான்.

வீடு திரும்பியதும் டப்பாவைத் திறந்து, புழுக்களைத் தோண்டிய இடத்திலேயே கொட்டினான்.