அப்பாவின் ஆன்காலஜிஸ்டும் மெடிகேர் கணக்கும்

கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு, முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் உடனே கிடைத்துவிடாது. 65 வயது தாண்டியிருந்தாலும் தொடர்ந்து 5 வருடம் அமெரிக்காவில் குடியிருந்திருக்க வேண்டும். அதற்கப்புறமும், இங்கே பல வருடம் வேலை பார்த்து வரி கட்டியவர்களுக்குச் சும்மா வரும், மருத்துவமனைச் செலவைப் பார்க்கும் பார்ட் ஏ-வுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் பணம் கட்டித்தான் சேர வேண்டும். 2025 கணக்குப்படி அதன் முழு பிரீமியம் மாதம் 518 டாலர். மருத்துவர் செலவைப் பார்க்கும் பார்ட் பி-க்கு இன்னொரு 185 டாலர். டல்லாஸ் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இதை எடுத்தபோது, "சுகர்கூட இல்லாத ஆளுக்கு இவ்வளவு எதுக்குப்பா?" என்றார். பாபநாசம் பக்கம் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காசு வெளியே போனால் காரணம் கேட்பார்.

காரணம் சீக்கிரமே வந்தது. விடாத முதுகுவலி, சோர்வு, குறைந்துகொண்டே போன ஹீமோகுளோபின், ஏறிய கிரியேட்டினின். குடும்ப மருத்துவர் ரத்தத்தில் புரதத்தைச் சோதிக்கச் சொன்னார். "மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், புற்றுநோய் மருத்துவரை, அதாவது ஆன்காலஜிஸ்டைப் பாருங்கள்" என்று ரெஃபரல் தாளில் இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தார். ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில் தனியார் கிளினிக் வைத்திருப்பவர். இன்னொருவர் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை பார்ப்பவர். யார் என்ன என்று வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஊரில் என்றால் இது ஒரு பிரச்சினையே இல்லை. யாராவது ஒரு மாமா, அவருக்குத் தெரிந்த ஒரு கம்பவுண்டர், அவர் சொல்லும் கைராசி டாக்டர் என்று இரண்டே போனில் முடிந்துவிடும். அம்மா, "அடையாறுக்கே கூட்டிட்டுப் போயிடலாமே" என்றார். 1954-இல் தொடங்கிய அந்தப் புற்றுநோய் மருத்துவமனைமேல் அவர் தலைமுறைக்கு இருக்கும் நம்பிக்கை அப்படி. ஆனால் அப்பா இருந்த நிலையில் 20 மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார வைக்க முடியாது. இங்கே எங்களுக்கு இருந்தது தமிழ் வாட்ஸ்அப் குழுவும் கூகுள் நட்சத்திரங்களும்தான். குழுவில் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். நட்சத்திரங்களைப் படித்தால் பாதிப் பேர் பார்க்கிங் கிடைக்கவில்லை என்று திட்டியிருந்தார்கள், மீதிப் பேர் வரவேற்பறைப் பெண் சிரிக்கவில்லை என்று.

அலுவலகத்தில் இன்ஷூரன்ஸ் தரவுகளைக் கையாளும் ஒரு நண்பர்தான் வழி காட்டினார். மெடிகேரை நடத்தும் சி.எம்.எஸ். என்ற அரசு அமைப்பு, எந்த மருத்துவர் எந்தச் சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்தார், அதற்கு அரசு எவ்வளவு கொடுத்தது என்பதை வருடா வருடம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இது எளிதில் வந்ததல்ல. மருத்துவர்கள் வழக்குப் போட்டு, 1979-இல் புளோரிடா நீதிமன்றம் ஒன்று இந்த விவரங்களை வெளியிடக் கூடாது என்று தடை போட்டது. வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் தாய் நிறுவனம் நீதிமன்றம் ஏறி, 2013-இல் அந்தத் தடை விலகியது. 2014 ஏப்ரலில், 2012-க்கான முதல் கோப்பு வந்தது: 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களும் பிற சிகிச்சையாளர்களும், சுமார் 7,700 கோடி டாலர். அதை வைத்து அந்தப் பத்திரிகை எழுதிய தொடருக்கு 2015-இல் புலிட்சர் என்ற பத்திரிகை விருது கிடைத்தது.

அப்பாவை மடிக்கணினி முன்னால் உட்கார வைத்துக் கோப்பைத் திறந்தேன். மைலோமாவுக்கு இந்தக் கோப்பு ஓரளவு பொருத்தமானது, ஏனென்றால் அது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் நோய். இங்கே அது கண்டுபிடிக்கப்படும் சராசரி வயதே 69 என்கிறார்கள். இளவயதுக்காரர்களின் நோய் என்றால் மெடிகேர் கோப்பில் தேடி ஒன்றும் கிடைக்காது.

ஒவ்வொரு மருத்துவருக்கும் என்.பி.ஐ. என்ற 10 இலக்க எண் உண்டு. அதைப் போட்டால் அவர் செய்ததெல்லாம் வரி வரியாக வரும். ஒவ்வொரு வரியிலும் சிகிச்சைக்கான குறியீடு, நோயாளிகளின் எண்ணிக்கை, சேவைகளின் எண்ணிக்கை, மருத்துவர் கேட்ட தொகை, மெடிகேர் கொடுத்த தொகை. கிளினிக் மருத்துவரின் மொத்தத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது வரவுதானேடா? கொள்முதல் எங்க?" என்றார்.

அவர் கேட்டதுதான் இந்தக் கோப்பைப் படிப்பதற்கே சாவி. நரம்பில் ஏற்றும் கீமோவையும் இப்போதைய விலையுயர்ந்த ஊசிகளையும் தனியார் கிளினிக் மருத்துவர் தன் காசு போட்டு வாங்கி வைக்கிறார், நோயாளிக்குப் போட்டபின் மெடிகேரிடம் கணக்கு அனுப்புகிறார். மருந்தின் சராசரி விற்பனை விலைக்கு மேல் 6 சதவீதம் சேர்த்துக் கொடுப்பது விதி. அரசின் செலவுக் குறைப்புப் பிடித்தம் போக அது நடைமுறையில் 4.3 சதவீதம் ஆகிறது. ஆக, அந்தப் பெரிய தொகையில் மிகப் பெரும்பகுதி மருந்துக் கம்பெனிக்குப் போய்ச் சேரும் பணம். 2014-இல் முதல் கோப்பு வந்த அன்று பத்திரிகைகள் உச்சியில் இருந்த பெயர்களைப் போட்டுக் கூச்சல் போட்டன. அந்த உச்சியில் கண் மருத்துவர்களும் ஆன்காலஜிஸ்டுகளும் நிறைய இருந்ததற்கு இந்த மருந்துக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். மருந்துக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சுருக்கக் கோப்பும் அதே தளத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்பது மனதுக்கு நல்லது.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. மைலோமாவுக்கு இப்போது பரவலாகப் போடும் டாரட்டுமுமாப் ஊசி, தோலுக்கடியில் போடும் வகை, ஜே9144 என்ற குறியீட்டில் வரும். அதில் ஒரு சேவை என்பது ஓர் ஊசி அல்ல, 10 மில்லிகிராம். ஒரு முறை போடுவது 1,800 மில்லிகிராம், அதாவது ஒரே ஊசி 180 சேவை. வழக்கமான ஓர் அட்டவணையில் முதல் 8 வாரம் வாரம் ஒன்று, அப்புறம் 24-வது வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதற்குமேல் 4 வாரத்துக்கு ஒன்று. அப்பா காகிதத்தில் போட்டுப் பார்த்தார்: முதல் வருடம் 23 ஊசி, 4,140 சேவை. "அப்ப ஆயிரக்கணக்குல இருக்கிறதைப் பார்த்துட்டு கூட்டம் அலைமோதுதுன்னு நினைக்கக் கூடாது" என்றார். நோயாளிகளின் எண்ணிக்கை உள்ள கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கிளினிக் மருத்துவரின் பட்டியல் நீளமாக இருந்தது. இரும்புச்சத்து ஊசி, வெள்ளணு கூட்டும் ஊசி, நுரையீரல் புற்றுக்குப் பரவலாகப் போடும் பெம்ப்ரோலிசுமாப், நடுவில் டாரட்டுமுமாப் ஒரு வரி. எல்லாவற்றையும் பார்க்கும் பொது ஆன்காலஜிஸ்ட் என்று புரிந்தது. மருத்துவமனை மருத்துவரின் பக்கத்தைத் திறந்தால் 99214, 99215 என்று ஆலோசனைக்கான குறியீடுகள் மட்டும். ஒரு மருந்துகூட இல்லை. "இவர் வைத்தியமே பண்றதில்லையா?" என்றார் அம்மா. வரியின் ஓரத்தில் சிகிச்சை நடந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'எஃப்' என்றிருந்தால் மருத்துவமனை, 'ஓ' என்றிருந்தால் மருத்துவரின் சொந்த அலுவலகம். இவருக்கு முழுக்க 'எஃப்'. மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் எழுதும் ஊசிக்கு மருத்துவமனை தன் பெயரில் கணக்கு அனுப்பிவிடும், மருத்துவரின் வரியில் அது வராது. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் இருக்கும் பெரிய நிபுணர்களைத் தேடினாலும் இப்படித்தான் வெறுமையாகத் தெரியும். வெறும் தொகையை வைத்துத் தரவரிசை போடுபவர்கள் கண்ணில் இந்த மருத்துவர்கள் படவே மாட்டார்கள்.

அப்புறம்தான் மாத்திரைக் கோப்பு நினைவுக்கு வந்தது. பார்ட் டி மூலம் மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைகளை எந்த மருத்துவர் எழுதினார் என்பதைத் தனியாக வெளியிடுகிறார்கள். 2013 முதலான விவரங்கள் இருக்கின்றன. மைலோமாக்காரர்கள் பலரும் சாப்பிடும் லெனலிடோமைடு தாலிடோமைடின் உறவு மருந்து, கருவில் குறைபாடு உண்டாக்கக் கூடியது என்பதால் கடும் கட்டுப்பாட்டில் ஒரு தடவைக்கு 28 நாளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். ஆக, ஒருவருக்கு வருடத்தில் அதிகபட்சம் 13 முறை. மருத்துவமனை மருத்துவரின் பெயரில் லெனலிடோமைடும் பொமலிடோமைடும் கணிசமாக இருந்தன. பொமலிடோமைடு பெரும்பாலும் மைலோமா திரும்பி வந்தவர்களுக்குக் கொடுப்பது. அந்த வரி கிளினிக் மருத்துவரிடம் இல்லை. அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இவர்தான் இந்த நோய்க்காரர்" என்றார்.

அந்த வரி இல்லை என்பதற்கும் முழுப் பொருள் கிடையாது. நோயாளிகளின் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று 11 பேருக்குக் குறைவான வரிகளை விட்டுவிடுகிறார்கள். கோப்பு சுமார் இரண்டு வருடம் பின்தங்கியே வரும். பெரிய ஓட்டை இன்னொன்று: மருத்துவர் கோப்பில் பழைய முறை மெடிகேர் மட்டும்தான், தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜில் இருப்பவர்கள் அதில் வர மாட்டார்கள். இன்று பாதிக்கும் மேற்பட்டோர் அந்தப் பக்கம்தான். மாத்திரைக் கோப்பில் மட்டும் இரண்டு தரப்பும் சேர்ந்து வரும். உதவியாக இருக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் தன் எண்ணில் கணக்கு அனுப்பினால் மருத்துவரின் எண்ணிக்கை குறைந்து தெரியும், மருத்துவரின் எண்ணில் அனுப்பினால் கூடித் தெரியும்.

சிகிச்சை சரியா என்பதை இது சொல்லவே சொல்லாது. மிச்சிகனில் ஃபரீத் ஃபாட்டா என்ற ஆன்காலஜிஸ்ட், புற்றுநோயே இல்லாதவர்களுக்கும் கீமோ கொடுத்து 2013-இல் கைதானார். 2015-இல் 45 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் என அடையாளம் காணப்பட்டோர் 553 பேர். அவரைக் காட்டிக் கொடுத்தது எந்தக் கோப்பும் அல்ல, அவருடைய கிளினிக்கிலேயே வேலை பார்த்த ஒருவர். ஃபாட்டா கொடுத்த மருந்தும் ஒரு வரி, உண்மையான நோயாளிக்கு இன்னொரு மருத்துவர் கொடுத்த மருந்தும் ஒரு வரி. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மருந்துக் கம்பெனிகள் மருத்துவர்களுக்கு என்ன கொடுத்தன என்பதைச் சொல்லும் ஓபன் பேமென்ட்ஸ் தளத்தையும் பார்த்தோம். கிளினிக் மருத்துவர் பெயரில் சில மதியச் சாப்பாடுகள் இருந்தன. "சோறு போட்டதைக்கூட எழுதி வைக்கிறானா!" என்று அப்பா அசந்துபோனார். மூன்று கோப்புகளில் அவருக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கடைசியில் இருவரையும் பார்த்தோம். முடிவெடுக்க மருத்துவமனை நிபுணர், வாரா வாரம் ஊசி போட வீட்டுப் பக்கத்துக் கிளினிக். இப்படிப் பிரித்துக்கொள்வது இங்கே சாதாரணம் என்பதே எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. கிளினிக் மருத்துவரிடம், மைலோமா நோயாளிகளை எவ்வளவு பார்க்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்டேன். கோபப்படவில்லை. தன்னிடம் வருவது பெரும்பாலும் மார்பகம், நுரையீரல், குடல் என்றும், மைலோமாவில் குழப்பம் வந்தால் அந்த நிபுணரிடமே போனில் பேசுவேன் என்றும் சொன்னார். அப்பா விடவில்லை. "அந்த 6 சதவீதத்தைக் கேளு" என்றார் தமிழில். நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். மருத்துவர் சிரித்துவிட்டு, 4.3 என்று திருத்தினார். அதிலிருந்துதான் நர்ஸுகளின் சம்பளம், மருந்து வைக்கும் குளிர்பெட்டி, கணக்கு திரும்பி வந்தால் நஷ்டம் எல்லாம் என்றார். விலை கூடிய மருந்தை எழுதினால் அந்தச் சதவீதமும் பெரிதாகும் என்பதையும் அவரே ஒத்துக்கொண்டார். அப்பாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஊசிக்கும் ஆலோசனைக்கும் பார்ட் பி 80 சதவீதம்தான் கொடுக்கும், மீதி 20-க்கு உச்சவரம்பு கிடையாது. பார்ட் பி தொடங்கிய 6 மாதத்துக்குள், அந்த மீதியைப் பார்த்துக்கொள்ளும் மெடிகேப் என்ற துணைப் பாலிசி எடுத்தால் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. நாங்கள் அப்போதே எடுத்திருந்தோம். பெற்றோருக்கு மெடிகேர் தொடங்கப் போகிறவர்கள் வேறு எதைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஊசிகள் இடைவெளி விட்டு வர ஆரம்பித்தபின் அப்பா மறுபடி காலையில் பூங்காவுக்கு நடக்கப் போகிறார். அங்கே கூடும் நம் ஊர்ப் பெரியவர்களிடையே அவர் பெயர் இப்போது ஆடிட்டர். போன வாரம் ஒரு தெலுங்கு நண்பருக்காக முழங்கால் மாற்று அறுவைக்கான குறியீட்டைத் தேடச் சொன்னார். 27447. இதில் மில்லிகிராம் வகுத்தல் எதுவும் இல்லை, ஒரு முழங்காலுக்கு ஒரு சேவை. இங்கே பக்கத்தில் இருக்கும் எலும்பு மருத்துவர்கள் எட்டுப் பேரை எழுதிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "அவரு அட்வான்டேஜ் பிளானாம்டா. இந்த எட்டுல யாரு அவரு நெட்வொர்க்ல இருக்காங்கன்னு முதல்ல பாரு" என்றார்.