பசுமையாக வாங்கச் சொன்னார்கள்

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவில் நான் கண்காணிப்பாளர். சாக்பீஸ் முதல் ஜெனரேட்டர் வரை வாங்குகிற இடம் அது. கல்லூரி, பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது என்றதும் எல்லாத் துறைகளுக்கும் காய்ச்சல் வருவது வழக்கம். அந்த முறை ஏழாவது அளவுகோலுக்குப் பசுமை வளாகச் சான்றுகள் வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டார்கள். "இனி வாங்கும் பொருட்கள் யாவும் சுற்றுச்சூழலுக்கு உகந்தவையாக இருத்தல் வேண்டும்." ஒரே வரிதான். எப்படி வாங்குவது என்று அதில் ஒன்றும் இல்லை. கோப்பு என் மேசைக்கு வந்தது.

இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் வேறு கல்லூரி, பல்கலைக்கழக நண்பர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் தப்பு பையில் நடந்தது. 2019. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு ஜனவரி 1 முதல் தடை. ஒரு துறையில் தேசியக் கருத்தரங்கு, 600 பைகள் கேட்டார்கள். இன்டென்டில், அதாவது துறை அனுப்பிய தேவைப் பட்டியலில், இருந்த 'ரெக்சின் பை'யை அடித்துவிட்டு 'சுற்றுச்சூழலுக்கு உகந்த துணிப் பை' என்று என் கையாலேயே எழுதினேன். பெருமையாக வேறு இருந்தது. மூன்று கொட்டேஷன் வந்தன. குறைந்த விலை 38 ரூபாய், அவருக்கே ஆர்டர்.

கருத்தரங்குக்கு இரண்டு நாள் முன்னால் மூட்டை வந்து இறங்கியது. பச்சை நிறம், பல்கலைக்கழக முத்திரை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்டோர்ஸில் ஒரு அண்ணன் இருந்தார், இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் தறி ஓட்டியவர். பையை வாங்கி ஓரத்தில் நூல் பிரிக்கப் பார்த்தார். நூலே வரவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"மேடம், இது துணியே இல்ல. பாவும் இல்ல, ஊடையும் இல்ல."

அப்புறம் மூலையில் ஒரு துண்டு கத்தரித்து, வெளியே எடுத்துப் போய் தீக்குச்சி வைத்தார். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடை வரும், சாம்பல் விரலில் தேய்த்தால் பொடியாகும். இது சுருண்டு உருகி, மிளகு மாதிரி ஒரு கெட்டி உருண்டையாக நின்றது. நான்-வோவன், அதாவது நெய்யாதது, என்று விற்கிற அந்தப் பை பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தடை செய்த பொருட்களின் பட்டியலிலேயே அதுவும் இருந்தது. தடை வந்த முதல் வருஷமே, பசுமை என்று எழுதி, தடை செய்த பொருளை 600 எண்ணிக்கையில் வாங்கியிருந்தேன்.

சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவருக்குக் கோபம். "நீங்க உகந்த துணிப் பைன்னுதான மேடம் போட்டீங்க? மார்க்கெட்ல இதையும் துணிப் பைன்னுதான் சொல்றாங்க." நியாயம்தான். தடையைக் காட்டித் திருப்பி அனுப்ப முடிந்ததே தவிர, நான் எழுதிய வாசகத்தைக் காட்டி அனுப்பியிருக்க முடியாது. கருத்தரங்குக்கு வந்தவர்களுக்கு அட்டை ஃபைலில் தாள் வைத்துக் கொடுத்து ஒப்பேற்றினோம்.

அதற்குப் பிறகு நான் எழுதிய வாசகம் வேறு: 100 சதவீதப் பருத்தி, தறியில் நெய்த துணி, சதுர மீட்டருக்கு 180 கிராமுக்குக் குறையாமல், லேமினேஷன் கூடாது, கைப்பிடி அதே துணியில் இரட்டைத் தையல், மாதிரியை முன்கூட்டியே தர வேண்டும், மாதிரி ஸ்டோர்ஸில் முத்திரையிட்டு வைக்கப்படும். 'உகந்த' என்ற வார்த்தையே கிடையாது. விலை 72 ரூபாய்க்குப் போனது. உடனே நிதிப் பிரிவிலிருந்து கேள்வி. அந்தக் கேள்வியால் ஒரு நல்லதும் நடந்தது: எல்லோருக்கும் பை எதற்கு? பதிவுப் படிவத்திலேயே 'பை வேண்டுமா' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். பாதிப் பேர்கூட வேண்டும் என்று குறிக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் கருத்தரங்குப் பைகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன போல. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியபோது எங்கள் ஸ்பெசிஃபிகேஷன் தயாராக இருந்தது.

டீ கப்பிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேப்பர் கப்பின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் அந்தத் தோலை உரித்து எடுக்கலாம். அதுவும் தடைப் பட்டியலில் உண்டு. கூட்டங்களுக்கு இப்போது கண்ணாடி டம்ளர், கழுவ ஆள். கழுவுகிற கூலியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதற்கே மூன்று மாதம் ஓடியது.

அடுத்து காகிதம். மறுசுழற்சிக் காகிதம் வாங்கினால் சான்று காட்ட அழகாக இருக்கும் என்று ஜெராக்ஸ் தாள் வாங்கினோம். மழைக்காலம், ஸ்டோர்ஸில் ஈரம். தேர்வுப் பிரிவின் அதிவேக மெஷினில் போட்டார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தாள் சிக்கியது, உள்ளே தூசி படிந்தது. வினாத்தாள் அச்சிடுகிற வாரத்தில் அந்த மெஷின் நின்றால் என்ன ஆகும் என்று தேர்வு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். குற்றம் காகிதத்துடையது இல்லை. சாதாரண அலுவலகப் பிரிண்டருக்கு அதே தாள் இன்றைக்கும் ஓடுகிறது. எந்த மெஷினுக்கு எந்தத் தாள் என்று கேட்காமல் மொத்தமாக மாற்றியது என் அவசரம். மறுசுழற்சித் தாள் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. கரூர் பக்கம் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. வேறு ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்படுகிறார்கள், நமக்கு அது பழைய செய்தி.

ஆனால் பெரிய சேமிப்பு எந்தத் தாள் என்பதில் இல்லை, எவ்வளவு தாள் என்பதில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் காகிதத்தை விழுங்குவது அலுவலகம் அல்ல, விடைத்தாள். எங்களுடையது 40 பக்கம். கூடுதல் தாள் கொடுத்தால் முறைகேட்டுக்கு வழி என்பதால் ஒரே புத்தகமாக 40. திருத்தி முடித்து, கழிப்பதற்கு வைத்திருந்த ஒரு கட்டை அனுமதி வாங்கிப் பிரித்து, நானும் இரண்டு உதவியாளர்களும் 100 விடைத்தாள்களைப் புரட்டி எண்ணினோம். 32 பக்கத்தைத் தாண்டியவர்கள் நான்கைந்து பேர். சிலர் கடைசிப் பக்கங்களில் திருத்துகிறவருக்கு வேண்டுகோள் எழுதியிருந்தார்கள், அதையும் எழுதிய பக்கமாகவே கணக்கில் சேர்த்தோம்.

70 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம், ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 4.37 கிராம். 40 பக்கம் என்றால் 20 தாள், 32 பக்கம் என்றால் 16. விடைத்தாளுக்கு நான்கு தாள் மிச்சம், பதினேழரை கிராம். கேட்க ஒன்றுமில்லாத எடை. பருவத்துக்கு 2 லட்சம் விடைத்தாள் என்று போட்டால் மூன்றரை டன். இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் வைத்துக் கோப்பை அனுப்பினேன். கணிதத் தாள்களுக்கு மட்டும் 40 அப்படியே இருக்கட்டும் என்று தேர்வுப் பிரிவு கேட்டது. சரி என்றோம். ஒப்புதல் வர இரண்டு பருவம் ஆனது.

இனி ஃபேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: "எல்-1 தானே எடுக்கணும், விலை கூடினதை எப்படி வாங்குவீங்க?" எல்-1 என்றால் குறைந்த விலை சொன்னவர்.

எங்களைக் கட்டுவது 1998-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். பல வருஷம் அதைப் படிக்காமலேயே 'குறைந்த விலை' என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது: ஏற்க வேண்டியது குறைந்த ஒப்பந்தப்புள்ளியைத்தான், ஆனால் எது குறைந்தது என்பதை, டெண்டர் ஆவணத்தில் முன்பே சொல்லியிருக்கும் அளவிடக்கூடிய காரணிகளை வைத்து முடிவு செய்யலாம். கரண்ட் செலவு அளவிடக்கூடியதுதானே. கவரைப் பிரித்த பிறகு அதைப் பேச முடியாது, பிரிப்பதற்கு முன் எழுதிவிட்டால் பேசலாம்.

2023-இல் வகுப்பறைகளுக்கு 120 சீலிங் ஃபேன் தேவைப்பட்டது. அந்த வருஷம் ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம். மின்பிரிவு உதவிப் பொறியாளரை உட்கார வைத்து வாசகம் எழுதினோம்: இறக்கை வீச்சு 1200 மி.மீ., காற்று நிமிடத்துக்கு 210 கனமீட்டருக்குக் குறையக் கூடாது, வாட் எவ்வளவு என்று சோதனைக்கூட அறிக்கையுடன் சொல்ல வேண்டும். இந்தக் காற்று அளவை விட்டுவிடாதீர்கள். வாட்டை மட்டும் கேட்டால் சோம்பலாகச் சுற்றுகிற ஃபேன் வந்து சேரும். மதிப்பீடு: ஃபேன் விலையோடு ஐந்து வருஷ மின்செலவும் சேரும். நாளுக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 220 நாள், யூனிட் 8 ரூபாய். எங்கள் மின்கட்டணத்தின் சராசரி அப்படித்தான் விழுந்தது.

நிதி அலுவலர் வரைவைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "ஏம்மா அஞ்சு வருஷம்? மூணு போட்டா என்ன?"

அறைக்கு வந்து போட்டுப் பார்த்தேன். 1,700 ரூபாய், 52 வாட் ஃபேன் ஒன்று. 2,800 ரூபாய், 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) ஃபேன் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். ஐந்து வருஷத்துக்கு முதலாவது 5,361 ரூபாய், இரண்டாவது 4,912. மூன்று வருஷத்துக்கு முதலாவது 3,896, இரண்டாவது 4,067. அதாவது வருஷத்தை மாற்றினால் ஜெயிப்பவர் மாறிவிடுவார். வயிற்றைக் கலக்கியது. எத்தனை வருஷம் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் போட்டால், ஆளைப் பார்த்துப் போட்டது என்று யாரும் சொல்லலாம்.

ஆதாரம் ஸ்டோர்ஸிலேயே கிடைத்தது. பழைய ஸ்டாக் ரெஜிஸ்டர்களை எடுத்து, கழித்த ஃபேன்களின் வாங்கிய தேதியையும் கழித்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். 12 வருஷத்துக்குள் கழித்த ஃபேன் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு ஓடும் பொருளுக்கு ஐந்து என்பது குறைவுதான் என்று ரெஜிஸ்டர் பக்கத்தின் நகலோடு எழுதினேன். நிதி அலுவலர் கையெழுத்துப் போட்டார்.

டெண்டர் முன்கூட்டத்தில் ஒரு விற்பனையாளர், இது ஒரே கம்பெனிக்காக எழுதிய வாசகம் என்று சண்டைக்கு வந்தார். அந்த வாசகத்துக்குள் வரும் ஐந்தாறு தயாரிப்புகளின் விவரத்தாளை எடுத்து வைத்திருந்தோம், காட்டினோம். அடங்கினார். சரக்கு வந்ததும் எலக்ட்ரீஷியன் பத்துப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, வாட் மீட்டரில் மாட்டிப் பார்த்தார். 29, 30, 31. ஒன்று மட்டும் 36 காட்டியது, அதை மாற்றித் தரச் சொன்னோம். ஏ.சி. வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: முத்திரையில் எத்தனை நட்சத்திரம் என்பதோடு, எந்தக் காலத்து முத்திரை என்பதையும் எழுதுங்கள். 2022 ஜூலையில் அளவை இறுக்கியபோது பழைய ஐந்து நட்சத்திரம் நான்காகிவிட்டது. 'ஐந்து நட்சத்திரம்' என்று மட்டும் இருந்தால் குடோனில் கிடந்த பழைய பெட்டி உங்கள் வாசலில் இறங்கும்.

பழைய கம்ப்யூட்டர்களைக் கழிப்பதுதான் இன்னமும் சரியாக வரவில்லை. மின்னணுக் கழிவு விதிகள் 2022-ன்படி, பட்டியலில் உள்ள சாதனங்கள் குறைந்தது ஆயிரம் வைத்திருக்கும் எங்களைப் போன்ற இடங்கள் பதிவு பெற்ற நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். பதிவு பெற்றவர் ஒரு மானிட்டருக்குத் தரும் விலையும், வாசலில் வந்து நிற்கும் காயலான் கடைக்காரர் தரும் விலையும் ஒன்றல்ல. கடைக்காரர் அதிகம் தருவார். வயரை எரித்துச் செம்பு எடுப்பது அவருக்குச் செலவில்லாத வேலை. "பல்கலைக்கழகத்துக்கு வருமான இழப்பு" என்று குழுவில் ஒருவர் ஒவ்வொரு முறையும் பதிவு செய்கிறார். விதியை நகலெடுத்து ஒவ்வொரு முறையும் இணைக்கிறேன்.

ஃபேன் கோப்புக்குத் தணிக்கையில் கேள்வி வந்தது, எதிர்பார்த்ததுதான். 1,700 ரூபாய்க்குக் கிடைப்பதை 2,800-க்கு வாங்கியது ஏன். மதிப்பீட்டுத் தாள், ரெஜிஸ்டர் நகல், டெண்டர் ஆவணத்தின் அந்தப் பக்கம், மூன்றையும் வைத்து ஒரு பக்கத்தில் பதில் எழுதினேன். தணிக்கைத் தடை நீங்கியது.

நாங்கள் யோசிக்காத ஒன்றுதான் காலை வாரியது. அந்த ஃபேன்களுக்கு ரிமோட் உண்டு. 120 ஃபேன், 120 ரிமோட். பொங்கல் விடுமுறைக்குள் முப்பதுக்கு மேல் காணவில்லை. மாணவர்கள் பக்கத்து வகுப்பு ரிமோட்டை எடுத்து வந்து, ஜன்னல் வழியாக இந்த வகுப்பு ஃபேனை நிறுத்தி விளையாடுகிறார்கள் என்று ஒரு பேராசிரியர் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தார். ஸ்டோர்ஸ் அண்ணன் மீதி ரிமோட்டுகளை வாங்கி, அறை எண் ஒட்டி, பூட்டிய அலமாரியில் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க ஒரு புது ரெஜிஸ்டர் திறந்திருக்கிறார். அடுத்த டெண்டருக்கான வாசகத்தில் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன்: சுவர் சுவிட்சிலிருந்தே வேகம் மாற்றும் வசதி இருக்க வேண்டும்.