அடம்னானைப் பிடித்தால் அரசர்கள் பிடிபடுவார்கள்

இடைக்கால வரலாற்றில் அயர்லாந்தும் பிக்ட் நாடும் (இன்றைய ஸ்காட்லாந்தின் வடக்கு, கிழக்குப் பகுதி) பாடமாக வந்தால், அரசர் பட்டியலை மனப்பாடம் பண்ண உட்காராதீர்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். இரண்டு வாரத்தில் எல்லாம் கலங்கிவிடும்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு துறவி. 679 முதல் 704 வரை ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவான அயோனாவில் இருந்த மடத்தின் தலைவராக இருந்த அடம்னான். மடத்தை நிறுவிய கொலம்பாவைப் போலவே இவரும் அயர்லாந்தின் உய் நீல் அரச வம்சத்தின் கெனெல் கொனல் கிளையில் பிறந்தவர். மடமும் அரச குடும்பமும் எவ்வளவு நெருக்கம் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

அவர் காலத்தை வரிசையாகத் தொடருங்கள். 684இல் நார்தம்பிரிய (இன்றைய வட இங்கிலாந்துப் பகுதி) மன்னன் எக்ஃப்ரித்தின் படை அயர்லாந்தின் பிரேகா பகுதியைச் சூறையாடி ஆட்களைச் சிறைபிடித்துப் போனது. மறு ஆண்டே பிக்ட் அரசன் பிரிடே, டன் நெக்டன் போரில் எக்ஃப்ரித்தைக் கொன்றான். அடுத்து நார்தம்பிரிய அரியணை ஏறிய ஆல்ட்ஃப்ரித் அடம்னானுக்கு நண்பர். அடம்னான் நேரில் போய் 60 கைதிகளை மீட்டு வந்தார். மூன்று நாட்டு வரலாறு ஒரே கதையில் வந்துவிட்டது, பாருங்கள்.

அப்புறம் 697. பெண்கள், குழந்தைகள், துறவிகளைப் போரிலிருந்து காக்க, அயர்லாந்தின் பிர் என்ற ஊரில் அவர் சட்டம் கொண்டுவந்தார். இதற்கு உறுதி தந்த 91 பேரின் பட்டியலை அவசியம் நிதானமாகப் படியுங்கள். முதலில் மதகுருமார்கள், பிறகு அரசர்கள். அரசர்களில் முதல் பெயர் லோங்செக், அடம்னானின் கிளையைச் சேர்ந்தவர். பிக்ட் அரசன் பிரிடேயும் இருக்கிறான், ஆனால் இவன் டெரிலேயின் மகன். போரில் வென்றவன் பிலியின் மகன். பெற்றோர் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கால அதிகார வரைபடமே இந்தப் பட்டியல்தான் என்பேன்.

பிக்ட் வாரிசுரிமை பற்றிக் கேள்வி வந்தால், சந்தேகம் எழும்போது தாய்வழியில் அரசனைத் தேர்ந்தார்கள் என்று ஆங்கிலேயத் துறவியும் வரலாற்றாசிரியருமான பீட் எழுதியதோடு நிறுத்தாதீர்கள். அயர்லாந்திலும் அப்பாவுக்குப் பின் மகன் என்பது விதியல்ல. 734க்குப் பிறகு தாரா அரசுரிமை (அயர்லாந்து அரசர்களில் முதன்மை இடம்) பெரும்பாலும் உய் நீலின் இரு கிளைகளுக்குள் மாறிமாறிப் போனது. இரண்டையும் அருகருகே வைத்து எழுதினால் விடைக்கு எடை கூடும்.

இன்னொன்று: அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் என்ற அயர்லாந்து வரலாற்றுக் குறிப்பேட்டின் மூலப்பிரதியில் 1013க்கு முந்தைய ஆண்டுகள் ஒன்று குறைவாக இருக்கும். திருத்திய ஆண்டையே எழுதுங்கள்.